சாம்பலுக்குள் கிடந்த குழாய்

கல்யாணமான புதிதில் தெருக் குழாயிலிருந்து குடம் தூக்கியே என் இடுப்பு ஒடிந்தது. நான் மாசமானதும் என் கணவருக்கு மனசு கேட்கவில்லை. சவூதிக்குக் கிளம்புமுன் தெருவிலிருந்து அடுப்படி வரை தானே பள்ளம் வெட்டி, இரும்புக் குழாய் பதித்தார். கீழ்வேளூர்ப் பக்கம் எங்களுடையது களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும், நடுவில் கிடக்கும் குழாயை முறுக்கிவிடும். அதற்காக அரிசி ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக உமிச் சாம்பல் கொண்டுவந்து, குழாயைச் சுற்றி மெத்தை மாதிரிப் போட்டார். எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பிள்ளைக்குப் படுக்கை விரிப்பவர்போல அவர் அதைக் கையால் அமுக்கி அமுக்கிப் போட்டதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன்பிறகு எங்கள் வாழ்க்கை லீவுக்கு லீவுதான் நடந்தது. கடைசியாக லீவில் வந்திருந்தபோது, இனிமேல் போகாதீர்கள் என்று சொல்லத் தினமும் வாயெடுப்பேன். அதற்குள் அவர், "எல்லாம் நம்ம நல்லதுக்குத்தானே" என்றுவிடுவார். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். இந்த ஒன்றில் மட்டும் நான் ஊமை.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும். அடுப்படியில் தண்ணீர் நின்றுபோய், வாசல் சொதசொதவென்று ஊறியது. அவர் மண்வெட்டியை எடுத்துத் தோண்டினார். குழாயைப் பார்த்ததும் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உள்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. வெளிப்பக்கம் அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக அரித்து, விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது.

"தண்ணி ஓடுறது உள்ளதானே மச்சான்? வெளியில எப்படி அரிச்சுது?"

"சாம்பல்தான். ஈரத்த விடாம புடிச்சு வச்சுக்கும். அதுல எரிஞ்சும் எரியாத கரி கெடக்கு, நம்ம மண்ணோட உப்பும் சேருது. கரியும் இரும்பும் ஈரத்துல ஒட்டிக் கெடந்தா பேட்டரி மாதிரி. கரிக்கு ஒண்ணும் ஆவாது, இரும்புதான் கரையும்."

சவூதிக்குப் போய் அவர் கற்றுக்கொண்ட வேலையே இதுதான். மண்ணுக்குள் போகும் குழாய்களுக்கு ஈரம் படாமல் டேப் சுற்றுகிறார்.

"ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்பாங்க. ஊரான் குழாய்க்கெல்லாம் டேப் சுத்துனேன். என் வீட்டுக் குழாய பாரு," என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. சேலையைச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தத் தண்ணியிலதான் நம்ம புள்ளைய முதமுதலா குளிப்பாட்டுனேன். குழாயில நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா நல்லதுக்குன்னுதான் சாம்பல் போட்டீங்க. நல்லதுக்குன்னுதான் போயிட்டும் இருக்கீங்க. போதும் மச்சான். என்னால முடியல."

அவர் உதிர்ந்த துருவை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மொதலாளிகிட்ட என்னன்னு சொல்றது?"

"வீட்டுல குழாய் அரிச்சுப் போச்சுன்னு சொல்லுங்க."