கல்வெட்டுத் தோண்ட வந்தவர்கள்

செட்டிகுளத்துக்குக் கிட்ட, மன்னார் றெயில் பாதையோரம் மருதடிக்குளம் என்றொரு சின்ன ஊர். அந்த ஊரில் வாயால் பெயரெடுத்தவள் ஸக்கியா. நாற்பது வயது. புருஷன் மௌத்தாகி ஆறு வருஷம். அவர் விட்டுப்போன இரண்டு ஏக்கர் வயலைத் தானே மாடு பூட்டி உழுது, தானே வரம்பு கட்டிச் செய்துகொண்டிருந்தாள். பொம்பிளைக்கு இது தேவையா என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

வயலுக்குப் பிடித்த சனியன் அந்த றெயில் பாதைதான். ஆளுயரத்துக்கு மண்மேடு போட்டு அதன்மேல் தண்டவாளம். மாரியில் குளத்துப் பக்கமிருந்து வருகிற வெள்ளம் மேட்டில் முட்டி, அப்பாலுள்ள ஓடைக்குப் போக வழியில்லாமல் ஸக்கியாவின் வயலில் குந்திவிடும். மூன்று மாரியாகப் பயிர் அழுகிப் போனது. வவுனியாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தம்பி மஹ்றூப் முடிவாகச் சொல்லிவிட்டான்: "இந்த மாரியும் பயிர் அழிஞ்சா காணியை வித்துப்போட்டு என்னோட வந்திருங்க ராத்தா. கடைக்குச் சமைக்க ஆள் வேணும்." ஸக்கியாவும் சரியென்று தலையாட்டினாள். அன்று பொழுதுபடும்வரை வயல் வரம்பிலேயே குந்தியிருந்தாள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடியில், ஊரில் ஒரு குருவிக்கும் சொல்லாமல் றெயில்வே ஆட்கள் வந்து இறங்கினார்கள். கருங்கல், சீமெந்து, மண்வெட்டி, கூடாரம். மேட்டடியில் சுண்ணாம்பு பூசிய நாலு முளைகள். ஊர் சும்மா இருக்குமா? விறகுக்குப் போனவர்களும் மாடு தேடிப் போனவர்களும் அந்தப் பக்கமாகவே போய்வந்தார்கள். இரண்டாவது தண்டவாளம் வருகுது என்றார்கள். இல்லை, ஸ்டேசன் வருகுது என்றார்கள். கடைசியில் அயல் வயல்காரர் அப்புத்துரை, வேலைக்காரரின் கங்காணியிடம் நேரே கேட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். கங்காணி சிங்கள மனிதர். அவருக்குத் தமிழ் அரைகுறை.

"தங்கச்சி, கல்வெட்டாம்! அந்தாள் தன்ர வாயாலை சொன்னது."

கல்வெட்டென்றால் செத்தவீட்டுக்கு முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற பாட்டுப் புத்தகம். றெயில்வே அதை ஏன் அடிக்கப் போகிறது? ஆகவே இது மற்றக் கல்வெட்டுத்தான், ராசா காலத்து எழுத்துக் கல். மண்ணுக்குள் கிடக்கிறது என்று ஊர் தீர்மானித்தது. பொழுதுபடுவதற்குள் கல்லுக்குக் கீழே ஏழு கிடாரம் பொன்னும் வந்துவிட்டது. அதுமட்டுமா, அரசாங்கம் சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்து வயலெல்லாம் எடுக்கப் போகிறதாம்.

"வெள்ளம் திண்டது காணாதெண்டு இப்ப ராசாவும் வந்திட்டாரோ?" என்று சீலையை வரிந்துகொண்டு ஸக்கியா கூடாரத்துக்கே போனாள்.

கங்காணி நல்ல மனிதர். குந்தியிருந்து மண்ணில் இரண்டு கோடு கீறினார், அது தண்டவாளம். அதற்குக் கீழே ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளால் கையை நெளித்து நெளித்துக் காட்டினார். "தண்ணி போறது, அம்மா. கல்வட். கல்வட்."

"யா அல்லாஹ்! மதகு! மதகையா சொல்லுறியள்?"

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு வேண்டியதே அதுதானே! ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முளைகளைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. முளை நின்ற இடம் பிழை.

அடுத்த நாள் வேலையைப் பார்க்க றெயில்வே இன்ஸ்பெக்டர் வந்ததும் போய் முன்னால் நின்றாள். "ஐயா, வெள்ளம் இதாலை வாறேல்லை."

"இதுதானே அம்மா பள்ளம்?"

"பள்ளம்தான். பாதை போட மண் வெட்டின கிடங்கு அது, சுத்திவரக் கரை. வெள்ளம் நாப்பது யார் தூரம் அங்காலை, என்ர வரம்போட வருது."

"பிளான் கொழும்பிலை கீறினது."

"கொழும்பிலை பெய்யிற மழை என்ர வயலுக்கு வாறேல்லையே, ஐயா!"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, காட்டுங்கோ பாப்பம். ஆடியிலை வெள்ளத்துக்கு எங்க போவியள்?"

குளத்து மடைக்கதவான துருசைத் திறக்கிற அதிகாரம், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை ஏரம்புவிடம் இருந்தது. ஸக்கியா அவரிடம் போய்த் தண்ணீர் கேட்டாள். அவர் பாய்ந்து விழுந்தார். "விசரே உனக்கு? கிடக்கிற தண்ணி மாட்டுக்குக் குடிக்கத்தான் காணும்."

"ஒரு மணித்தியாலம், விதானையார். தண்ணி ஐயாட முளைக்குப் போனா, இனிமேல் குளக் கூட்டத்திலை நான் வாயே திறக்க மாட்டன்."

ஏரம்பு யோசித்தார். ஸக்கியா வாய் திறக்காத கூட்டம்! அதற்குக் குளத்தையே எழுதிக் கொடுக்கலாம்.

மறுநாள் காலை ஊரே மேட்டில் ஏறி நின்றது. துருசு திறந்தது. வெடித்துக் கிடந்த நிலம் முதலில் தண்ணீரை மடமடவென்று குடித்தது. "இந்தா முடிஞ்சுது" என்று யாரோ நக்கலடித்தார்கள். பிறகு தண்ணீர் நகர்ந்தது. கிடங்குப் பக்கம் ஒரு முழம் திரும்பியது. ஏரம்பு மீசையைத் தடவினார். திரும்பிய தண்ணீர் கிடங்கின் கரையில் தட்டி, விலகி, ஸக்கியாவின் வரம்போடு ஓடிப்போய் மேட்டில் முட்டி நின்றது. அங்கே நின்ற இன்ஸ்பெக்டரின் சப்பாத்து நனைந்தது. அவர் நடந்துபோய் நாலு முளைகளையும் தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டு வந்தார். "எங்க அடிக்கிறது எண்டு நீங்களே காட்டுங்கோ, அம்மா."

மேட்டில் நின்ற சனம் கூவிய கூவலில் வயலில் மேய்ந்த மாடுகள் வெருண்டு ஓடின. அப்புத்துரை தோள் துண்டைச் சுழற்றி ஆடினார். கங்காணி "கல்வட்! கல்வட்!" என்று கை தட்டினார். ஸக்கியா குதிக்காலை ஊன்றி நிலத்தில் கோடு போட்டாள்.

மதகு ஐப்பசிக்குள் முடிந்தது. கார்த்திகையில் மூன்று நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நாலாம் நாள் மஹ்றூப் மாட்டுவண்டிலோடு நனைந்து வந்து சேர்ந்தான், ராத்தாவையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போக. ஸக்கியா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏற்றினாள். கீழே வெள்ளம் மதகுக்குள் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. வயலில் முழங்கால் உயரப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. மஹ்றூப் பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான்.

"வண்டிலைத் திருப்படா," என்றாள் ஸக்கியா. "மாசியிலை சாக்குக் கொண்டு வா. இந்த முறை உன்ர கடைக்கு அரிசி என்ர வயலிலையிருந்து."