கிளட்ச் இல்லாத வண்டிகள்

ஒரு நாளைக்கு முப்பது கார் ஓட்டுகிறேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முப்பதும் புத்தம்புதுக் கார் என்றால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஒரு யார்டில் எனக்கு வேலை. தொழிற்சாலைகளிலிருந்து வரும் கார்கள் அங்கே வரிசை கட்டி நிற்கும். டீலர் கேட்டதும் எடுத்துத் துடைத்து, டிரெய்லர் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். எந்தக் காரையும் அரை கிலோமீட்டருக்கு மேல் நான் ஓட்டியது கிடையாது. ஆனால் வாங்கப்போகிறவருக்கு முன்னாலேயே அந்தக் காரின் குணம் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கு முன்னால் மூன்று வருடம் ஊத்துக்கோட்டையிலிருந்து பக்கத்துக் கிராமங்களுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினேன். ஆட்டோவில் கியர் இடது கைப்பிடியில் இருக்கும். விரலால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகினால், உள்ளே எங்கோ ‘கடக்’கென்று ஒரு அடி விழும். அந்த அடி மணிக்கட்டு வரைக்கும் வந்து சேரும். காய்கறி மூட்டையோடு பத்துப் பேர் ஏறிவிட்டால் திருகுவதற்கே தனித் தெம்பு வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் சோறு பிசையும்போதுகூட என் இடது கை தானாகத் திருகிப் பார்க்கும்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டது மணவாள நகரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில். அந்தக் காருக்கு என் வயது இருக்கும் என்று சத்தியம் செய்யலாம். அதன் இரண்டாவது கியர் எங்கள் வாடகை வீட்டுக் கதவு மாதிரி, கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். மூன்றாவது எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது. துழாவித் துழாவி உள்ளே போட்டுவிட்டால் ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். லைசென்ஸ் கைக்கு வந்த வாரம்தான் யார்டில் பெண் டிரைவர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஷேர் ஆட்டோவை விற்றுவிட்டு, அது ஓடிய ரூட்டையும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்தது மூன்று பெண்கள். மூன்று மாதம் சோதனைக்காலம். அது முடியும்போது டிரெய்லரில் வண்டி ஏற்றத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை தொடரும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். சரி, கற்றுக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் அந்த நினைப்பில் மண் விழுந்தது.

முதல் வண்டி எனக்குத்தான் கொடுத்தார்கள். சாதாரண கியர் வண்டி. சுற்றி ஆண் டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பதற்றத்தில் என் கை பழைய பிழைப்புக்குப் போய்விட்டது. காலால் கிளட்சை மிதித்தேன், கையால் கியர் ராடின் தலையைப் பிடித்து ஆட்டோக் கைப்பிடியைத் திருகுவதுபோல ஒரு திருகு திருகினேன். அந்த உருண்டையைத் தொழிற்சாலையில் சரியாக முறுக்கவில்லை போலிருக்கிறது. கழன்று என் கையோடு வந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், கண்ணாடியை இறக்கி சூப்பர்வைசரிடம் நீட்டினேன். எல்லோரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன்கூட எட்டிப் பார்த்தார்.

அன்று மத்தியானமே உத்தரவு வந்தது. பெண்களுக்கு இனிமேல் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். டிரெய்லர் பக்கம் போகவே வேண்டாம். ஏற்றத் தெரிந்தால்தான் வேலை, ஆனால் ஏற்ற விடமாட்டோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த உருண்டையை இன்னொரு தடவை கழற்றி சூப்பர்வைசர் மேலேயே எறிந்திருப்பேன். செய்த தப்பு என்னுடையது, தண்டனை மூன்று பேருக்கும். அதுதான் அதிகமாக உறுத்தியது. அதில் ஒரு பெண் அடுத்த மாதமே நின்றுவிட்டாள். மிஞ்சியது நானும், பழவேற்காட்டிலிருந்து வரும் மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியும்.

ஆட்டோமேட்டிக் ஓட்டுவது சுலபம் என்று சொல்கிறவர்கள் முதல் நாள் என் இடது காலைப் பார்த்திருக்க வேண்டும். வண்டி வேகம் பிடித்ததும் அது கிளட்சைத் தேடிப் போனது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக். முழு பலத்தோடு மிதித்தேன். நெஞ்சு போய் ஸ்டியரிங்கில் இடித்தது. ஹாரன் அடித்தது நானா வண்டியா என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் ஒரு வாரம் இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

கிளட்ச் இல்லை என்றதும் எல்லாம் ஒன்றுதான் என்று ஆண்கள் பேசிக்கொள்வார்கள். ஒன்றே இல்லை. பெரிய வண்டிகளில் வருகிற பழைய ரக ஆட்டோமேட்டிக், பிரேக்கை விட்டதுமே தானாக ஊர்ந்து போகும். கியர் மாறுவது, ஆஸ்பத்திரி லிப்ட் மாடிக்கு வந்து நிற்கிற அளவுக்குத்தான் தெரியும். சி.வி.டி. என்று ஒன்று இருக்கிறது, அதில் கியரே கிடையாது. மிதித்தால் முதலில் மிக்ஸி மாதிரி சத்தம் வரும், வண்டி அப்புறமாக வரும். நிதானமாக மிதித்தால் வெண்ணெயாகப் போகும். இரட்டைக் கிளட்ச் வண்டி ஒன்று வரும், விலை கூடியது. கியர் மாறியது நமக்குத் தெரிவதற்குள் அடுத்ததுக்குப் போயிருக்கும். ஆனால் அதை எறும்பு மாதிரி ஊரச் சொன்னால் உடம்பெல்லாம் உதறும். பேட்டரி வண்டியில் மாறுவதற்கு எதுவுமே இல்லை, மின்விசிறி போட்ட மாதிரி கிளம்பிவிடும். அதில் ஏறினால் என் கைக்கும் காலுக்கும் சம்பளமே கொடுக்கக்கூடாது என்று தோன்றும்.

இதில் எங்கள் இருவருக்கும் அதிகம் வாய்த்தது ஏ.எம்.டி. வண்டிகள். அது உண்மையில் கியர் வண்டிதான். கிளட்ச் உள்ளே இருக்கிறது, அதை மிதிக்கத்தான் நம் காலுக்குப் பதிலாக ஒரு மோட்டாரை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கியர் மாறும்போதும் அது ஒரு நொடி மூச்சு வாங்கும். அந்த நொடியில் வண்டிக்கு இழுவையே இருக்காது. நம் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். பழவேற்காட்டுக்காரி அதற்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தாள். ஆண்கள் அதைத் தொடவே மாட்டார்கள். “அந்தப் பேஜார அவுங்களாண்ட குடு” என்று சாவியை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். நாங்கள் ஆளுக்குத் தினம் பதினைந்து தலையாட்டி ஓட்டினோம். எப்போது மூச்சு வாங்கும், எவ்வளவு மிதித்தால் வாங்காது, மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் எத்தனை விரற்கடை பின்னால் போகும் என்பதெல்லாம் எங்கள் முதுகெலும்புக்கே தெரிய ஆரம்பித்தது.

டிரெய்லரின் மேல்தட்டில் வண்டி ஏற்றுவது யார்டில் ஒரே ஒருவருடைய ராஜ்ஜியம். மூத்த டிரைவர். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்தட்டின் பின்பக்கத்தை இறக்கி, அதிலிருந்து தரைக்கு இரண்டு இரும்புத் தடங்களைப் போட்டால் அதுதான் ரேம்ப். இந்தப் பக்கம் ஒரு சக்கரம், அந்தப் பக்கம் ஒரு சக்கரம், நடுவில் ஒன்றுமில்லை. யார்டில் ஒரு வழக்கம் உண்டு. ரேம்பில் பாதி ஏறியதும் சிக்னல்காரர் விசில் அடிப்பார், வண்டி அங்கேயே நிற்க வேண்டும். அவர் குனிந்து நான்கு சக்கரமும் தடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கை காட்டிய பிறகுதான் மேலே போகலாம். நைனா அந்தப் பாதியில் பிரேக்கைத் தொடமாட்டார். கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு, அந்த அரைக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பார். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அது அந்தரத்தில் முனகிக்கொண்டு நிற்கும். எனக்குப் பொறாமையில் வயிறு எரியும். அவ்வளவு அழகாக இருக்கும்.

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். நெல்லூருக்கு ஒரு லோடு. எட்டு வண்டியும் ஏ.எம்.டி. முதலில் மேல்தட்டுக்கு நான்கு. நைனா முதல் வண்டியில் ஏறினார். பாதி ரேம்பில் விசில், வழக்கம்போல நிறுத்தினார். கிளட்ச் இல்லாததால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே பிடித்து வைக்கப் பார்த்தார். கருகல் நாற்றம் கிளம்பியது, மீட்டரில் ஏதோ ஒரு விளக்கு எரிந்தது, வண்டி கையைவிட்டு இரண்டு அடி பின்னால் வழுக்கியது. சிக்னல்காரர் துள்ளிக் குதித்து விலகினார். இறக்கி, ஆற வைத்துவிட்டு, இன்னொரு வண்டியை எடுத்தார். இந்தத் தடவை பிரேக்கில் நிறுத்தினார். காலை மாற்றியதும் அது பின்னால் நழுவியது, பதறி ஓங்கி மிதித்தார், பாதியில் இரண்டாவது கியருக்குத் தாவி மூச்சு வாங்கியது, மறுபடியும் சரிவு. இறங்கி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. வண்டி சரியில்லை, வேறு லோடு போடுங்கள் என்றார்.

சூப்பர்வைசர் போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அது என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

“வண்டி மேல தப்பில்ல நைனா. பாதில நிறுத்தனா அது புடிச்சிக்காது. நிக்காம போனா போயிடும்.”

“நிக்காம போனா சக்கரம் எங்க போவுதுன்னு யாரு பாக்கறது? இது இன்னா ஷேர் ஆட்டோவா?”

கீழேயே, சமதரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இருபது அடி பின்னால் போய், தடத்துக்கு நேராகச் சக்கரத்தை வைத்து, குனிந்து பார்க்க வேண்டியதையெல்லாம் அங்கேயே பார்த்துவிட்டு, அப்புறம் ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும். சூப்பர்வைசர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“எதுனா ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?”

“ஏத்தலனாலும் வர்ற வாரம் என்ன அனுப்பத்தான் போறீங்க. ஏத்திப் பாத்துட்டே போறேன் சார்.”

இவ்வளவு நேராக அவரிடம் அதுவரை யாரும் பேசியதில்லை என்று நினைக்கிறேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

பழவேற்காட்டுக்காரி பக்கத்து ஏணியில் ஏறி மேல்தட்டின் முன்கோடியில் போய் நின்றாள். நான் வண்டியைப் பின்னால் எடுத்து நேராக்கினேன். அவள் கையை இந்தப் பக்கம் அரை விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் என்று காட்டக் காட்ட, மூன்று தடவை முன்னும் பின்னும் போய் வந்தேன். கீழே யாரோ நக்கலாகக் கொட்டாவி விட்டார்கள். விடட்டும். சிக்னல்காரரைக் கூப்பிட்டு நான்கு சக்கரத்தையும் பார்க்கச் சொன்னேன். பிறகு ராடைத் தள்ளி, வண்டி தானாகக் கியர் மாற்றிக்கொள்ளாதபடி முதல் கியரிலேயே நிறுத்தினேன். பயமில்லை என்று சொன்னால் பொய்.

மிதித்தேன். முன்சக்கரம் இரும்பில் ஏறிய சத்தம் கேட்டது. அப்புறம் கண்ணாடி முழுக்க வானம். பானெட்டும் தெரியவில்லை, தடமும் தெரியவில்லை. அவளுடைய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. கால் அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எஞ்சின் ஒரே குரலில் பாடிக்கொண்டு ஏறியது.

பாதியில் விசில் அடித்தது.

சிக்னல்காரரைக் குற்றம் சொல்லமாட்டேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் வாய் தானாக ஊதிவிட்டது. என் கட்டைவிரல் செருப்புக்குள் ஒரு நூல் அளவுக்கு எழும்பியது. அந்த ஒரு நூலுக்கே எஞ்சின் குரல் மாறி, வண்டி மூச்சை இழுக்கப் பார்த்தது. மேலே அவளுடைய கைகள் நிற்கவில்லை, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. விரலை அழுத்தினேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, கோபித்துக்கொள்ளாமல் ஏறியது.

வானம் கீழே இறங்கி, தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தெரிந்தன. சமதளம். மெல்ல உருட்டிக்கொண்டுபோய் அவளுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கதவை ஒரு சாண் திறந்து நெளிந்து வெளியே வந்தேன். அவள் என் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டாள். இரண்டு பேரும் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் எந்த வேலையிலும் இருந்ததில்லை. யார்டு முழுக்க நான் ஓட்டிய வண்டிகளின் கூரைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் மின்சார ரயில் ஒன்று கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

சக்கரத்துக்குப் பெல்ட் கட்டுவது ஜூனியர் ஆட்களின் வேலை. அன்றைக்கு நைனா தானே ஏறி வந்து என் வண்டிக்குப் பெல்ட் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு, நிமிராமலே கேட்டார்.

“நாளைக்கு நாஷ்டா முடிச்சிக்கினு ஒரு ரவுண்டு இத எனக்குக் காட்டும்மா.”

காட்டுகிறேன் நைனா என்றேன். அரைக் கிளட்சில் வண்டியை அந்தரத்தில் நிறுத்துவதை எனக்கு நீங்கள் காட்ட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். சும்மா விடுவேனா?

கீழேயிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். இரண்டு பெண்களையும் ஆபீசுக்கு வரச் சொன்னார், வேலையை நீட்டிக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். நான் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தேன். மூன்று தலையாட்டிகள் ரேம்புக்கு முன்னால் வரிசையில் காத்திருந்தன.

“மேல்தட்டுக்கு இன்னும் மூணு இருக்குது சார். ஏத்திட்டு வர்றோம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த சாவிக்குக் கையை நீட்டினேன்.