ஆணியில் இல்லாத படம்

காலை ஏழேகால் மணி. நியூ லின் முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அங்கே தங்கியிருந்த டோரீன் என்ற மூதாட்டியின் அறைக்குள் நுழைந்ததும் சுவரில் தொங்கிய படம் கண்ணில் பட்டது. இறகுத் தொப்பியும் தொடை தெரியும் உடையுமாக ஒரு கபரே நடனக்காரி. இளம் வயது டோரீன்தான் அது.

அன்று அவருடைய மகன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது.

"சின்னப் பிள்ளையளும் வருகினம். உந்தப் படத்தைக் கழட்டி உள்ளுக்கு வையுங்கோ அண்ணை," என்றாள் கூட வேலை செய்த மலர். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. டோரீன் குளிக்கப் போனதும் படத்தை அலமாரியில் ஒளித்தேன்.

திரும்பி வந்தவர் வெறும் ஆணியைச் சுட்டிக் காட்டினார்.

"என்னை எங்கே கொண்டுபோனாய்?"

"உங்கள் பேரப்பிள்ளைகள் பார்த்தால் உங்களுக்கு வெட்கமாக இருக்குமே என்று..."

"வெட்கமா? நான் ஆடிச் சம்பாதித்துத்தான் என் பயல் வளர்ந்தான்!"

அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய வாழ்க்கையைத் திருத்தியிருந்தேன். மன்னிப்புக் கேட்டுப் படத்தை மாட்டினேன். கோணலாக இருக்கிறது என்று இரண்டு முறை சரிசெய்ய வைத்தார்.

பத்து மணிக்கு மகனின் குடும்பம் வந்தது; டோரீனின் கொள்ளுப்பேத்தி முன்னால் ஓடி வந்தாள். அவள் தலையில், டோரீன் படத்தில் போட்டிருந்த அதே இறகுத் தொப்பி இருந்தது.