விஜயா மிஸ்ஸின் பழுப்புச் சாறு

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் மேல்மாடியில் இருக்கும் விஜயலக்ஷ்மி, பெண்கள் பள்ளி ஒன்றில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவர். பிடிவாதத்துக்குக் கை கால் முளைத்தால் அவர் மாதிரிதான் இருக்கும். ஆடாதோடை இலையிலிருந்து இருமல் மருந்து எடுக்க ரசாயனம் எதுவும் வேண்டாம், தண்ணீரே போதும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நகைக்கடையில் நகை கழுவ, தண்ணீரை அதிரவைக்கும் தொட்டி ஒன்று வைத்திருப்பார்களே, அதே மாதிரித் தொட்டியில் இலைத்தூளைப் போட்டார். அந்த அதிர்வில் இலை தன் சாரத்தைத் தண்ணீரில் விட்டுவிடும். கொதிக்கவைக்க வேண்டாம், சாக்கடையில் விஷம் கலக்காது, சக்கையும் செடிக்கு உரமாகிவிடும்.

கல்லூரியில் அவரோடு ஒரே பெஞ்சில் படித்த சாருலதா, ஈக்காட்டுத்தாங்கலில் இடம் பிடித்து அதைப் பெரிய அளவில் செய்ய முன்வந்தார். மருந்துக்கு ‘விஜயா மிஸ்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். பாட்டிலில் விஜயலக்ஷ்மியின் படம், அதன் கீழே ‘தண்ணீர் மட்டுமே, இது என் வாக்கு’. மயிலாப்பூரில் பாதிப் பெண்கள் அவரிடம் படித்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். நானும்தான்.

போன மாதம் புதுப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விஜயலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டார். மருந்து பளிச்சென்று பச்சையாக இருந்தது. இலையின் பச்சை தண்ணீரில் கரையாது, தண்ணீரில் எடுத்த சாறு பழுப்பாகத்தான் வரும். என்னையும் இழுத்துக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஆட்டோ பிடித்தார். வாசலிலேயே நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி அடித்தது. உள்ளே, இலையின் பச்சையைக் கரைத்து எடுக்கிற அசிட்டோன் பீப்பாய்கள். அதிர்வுத் தொட்டி மூலையில் காய்ந்து கிடந்தது.

“இது என்னடி சாரு?”

“விஜி, பழுப்பா இருந்தா வாங்கறவா டீத்தண்ணிங்கறா. பச்சையா இருந்தாத்தான் இலைன்னு நம்பறா. நான் என்ன பண்றது?”

“நீயும் என்னோட சேர்ந்துதானேடி கெமிஸ்ட்ரி படிச்சே? தெரியாம பண்ணலையே நீ!”

சாருலதா திரும்பி ஒரு பீப்பாயின் மூடியை இறுக்கினார்.

“என் பேரையும் படத்தையும் எடுத்துடு.”

“அது எப்படி முடியும்? கம்பெனி பேர்ல ரிஜிஸ்டர் பண்ணிக்கோன்னு நீதானே சொன்னே.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் விஜயலக்ஷ்மி அழுதார். “என் மூஞ்சியை ஒட்டிண்டு பொய் சொல்றாளே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ ஒருத்தி என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இது கூடப் பிறக்காத குறையாகப் பழகியவள் செய்த பச்சைத் துரோகம்.

அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதை வாங்காதீர்கள் என்று சொல்லிவருகிறார். நேற்று பெசன்ட் நகர் கடற்கரையில், பழைய மாணவி ஸ்ரீரஞ்சனி இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ், இவளுக்கு உங்க சிரப்தான் குடுக்கறேன். இப்போ இன்னும் நல்லா, இலை மாதிரியே பச்சையா இருக்கு!”

“அதைக் குடுக்காதேம்மா. அது என் மருந்து இல்லை.”

ஸ்ரீரஞ்சனி கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அதிலிருந்த படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“போங்க மிஸ், உங்க முகம் எனக்குத் தெரியாதா?”