உங்கை நிண்டவர்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இடம் மூன்று. நான் இருப்பது இஞ்சை. நம் இருவருக்கும் எட்டத்தில் இருப்பது அங்கை. நீங்கள் இருக்கும் இடம் உங்கை. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைக்குக் கடிதம் எழுதினால், "உங்கை குளிரோ?" என்று கேட்காமல் எந்தத் தாயும் முடிக்கமாட்டாள். சுட்டெழுத்து மூன்று, அ, இ, உ என்று இலக்கணத்தில் பாடமாக்குகிறோம். மற்ற ஊர்களில் அந்த மூன்றாவது புத்தகத்தோடு நின்றுவிட்டது. நாங்கள் மட்டும் அதை வாயில் வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாங்களே ஒருமுறை அதைக் கொச்சை என்று சொல்லி அழித்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கம். பேச்சுவார்த்தை நடந்த அந்தச் சில மாதங்களில் குண்டு விழவில்லை, தடையில் இருந்த பற்றரியும் கடையில் கிடைத்தது. நான் வலிகாமத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் வயலின் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மிஷன் காலத்துக் கட்டடம். ஆள் உயரத்துக்கு மேல் போகும் யன்னல்கள், சுண்ணாம்புக்கல் சுவர், செல் குண்டு விழுந்து ஒரு மூலை சரிந்த கூரை. ஜெர்மனியில் இருந்த அண்ணை அனுப்பிய வோக்மனைக் காதில் மாட்டிக்கொண்டு ஓய்வு நேரத்தில் அந்த விறாந்தையில் நடப்பேன். ஒருநாள் இருட்டு விறாந்தையில் இருந்து பெரிய மண்டபத்துக்குள் நான் காலை வைக்கவும், காதுக்குள் ஆலாபனை மேல் சட்சத்துக்கு ஏறவும் சரியாக இருந்தது. கட்டடமே பாடியதாக எனக்குப் பட்டது. இந்தக் கட்டடத்துக்கென்றே ஒரு ஒலிநாடா செய்து, கேட்பவரைக் கைபிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி இடம் இடமாக நடத்திக்கொண்டு போனால் என்ன என்று யோசித்தேன்.

பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா வந்துகொண்டிருந்தது. விழாக்குழு சம்மதித்தது. வழி சொல்லவும் பாடவும் என் தோழியைக் கேட்டேன். அவளும் என்னைப் போலச் சங்கீத ஆசிரியை, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில். வானொலியில் பாடிய குரல். வாயும் அதற்குத் தக்க வாய்தான்.

கட்டடத்தைச் சுற்றி நடந்து எந்த இடத்துக்கு எந்த இசை என்று இருவரும் பேசிப் பேசி முடிவெடுத்தோம். வாசலில் நாதஸ்வரம், மேல்மாடிப் படியில் மிருதங்கம் மட்டும், பழைய செபக்கூடத்தில் ஆர்மோனியத்தோடு ஒரு கீதம். மண்டபத்துக்கு வெளியே, பதுங்குவதற்கு வெட்டிய பங்கரைத் தாண்டி, மூன்றாவது யன்னலுக்குக் கீழே வந்தபோது அவள் நின்றுவிட்டாள்.

"இந்த இடத்துக்கு என்ன வாசிக்கப் போறீர்?"

"இதிலை ஒண்டும் இல்லையே. அடுத்த வாசலுக்குப் போற வழிதானே" என்றேன்.

"இதிலைதான் என்ரை அப்பு படிச்சவர்."

கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுக்க அன்றைக்குத்தான் சொன்னாள். அவளுடைய தகப்பன் சிறுவனாக இருந்தபோது பாதிரியார் அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார். அந்தச் சாதிப் பிள்ளை உள்ளே வாங்குப் பலகையில் இருந்தால் எங்கள் பிள்ளைகளை நிற்பாட்டிவிடுவோம் என்று மற்றத் தகப்பன்மார் வந்து நின்றிருக்கிறார்கள். பாதிரியார் ஒரு வழி கண்டுபிடித்தார். பையன் யன்னலுக்கு வெளியே நிற்கலாம், உள்ளே நடப்பதைக் கேட்கலாம். இதைப் பெரிய இரக்கம் என்று அந்தக் காலத்தில் மெச்சினார்களாம். மழை பெய்தால் அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

அந்த இடத்துக்கு அவள் தானே இரண்டு வரி கட்டினாள். நான் முகாரியில் வைப்போமா என்று கேட்டேன். "நான் ஏன் அழவேணும்?" என்று சொல்லி மிடுக்கான அடாணாவில் எடுத்தாள்.

உங்கைதான் நிண்டவர் என்ரை அப்பு,
உள்ளை சொன்னதை வெளியிலை படிச்சவர்.

கார் பற்றரியில் ஓடிய பதிவுக்கருவியை வைத்து மண்டபத்துக்குள்ளேயே ஒலிப்பதிவு செய்தோம். 'உங்கை' என்று அவள் இழுத்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. கேட்கிறவர் சரியாக அந்த யன்னலுக்குக் கீழே நிற்கும் நேரத்தில் அந்தச் சொல் காதில் விழும். உன் கால் இருக்கிற இடத்தில் அவருடைய கால் இருந்தது. தமிழில் வேறு எந்தச் சொல்லும் அந்த வேலையைச் செய்யாது.

விழாக்குழுவின் செயலாளர் ஒரு அப்புக்காத்து, பழைய வக்கீல். கறுப்புக் கோட்டும் வழக்கும் கொழும்போடு போய்விட்டன, நாக்கு மட்டும் மிச்சம். தானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். உள்ளே இருந்து படித்தவர். நாடாவை முழுக்கக் கேட்டார். எல்லாத்துக்கும் தலையாட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நல்லாய்ச் செய்திருக்கிறியள், ரீச்சர். உந்த 'உங்கை' எண்டதைத்தான் கொஞ்சம் பாக்கவேணும். கொச்சையாய்க் கிடக்கு."

உங்கையைக் குறை சொல்ல அவருக்கும் அதே உகரத்தில் ஒரு 'உந்த' தேவைப்பட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. தோழி கவனித்தாள், ஆனால் விட்டுவிட்டாள்.

"நாடா முழுக்க நான் இப்பிடித்தானே கதைச்சிருக்கிறன். திரும்புங்கோ, பங்கரைச் சுத்தி வாங்கோ எண்டு. அதுகள் உங்கடை காதிலை குத்தேல்லையோ?"

"அது வழி காட்டுறது. இது பாட்டெல்லே. பாட்டெண்டால் செந்தமிழ் இருக்கவேணும். 'அங்கே' எண்டு போடுவம். ஒரு சொல்லுத்தானே."

ஒரு சொல்லுத்தானே. பாட்டை எடுங்கள் என்று சொல்ல அந்த மனிதருக்குத் தைரியம் இல்லை. சொன்னால் ஏன் என்று ஊர் கேட்கும், பதிலும் ஊருக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துப் படிப்பித்த பள்ளிக்கூடம் என்று விழா மலரின் முதல் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு அவருக்கு இலக்கணம் ஒரு அகப்பையாக உதவியது. தமிழ், தமிழ் என்று மேடையில் உருகுகிற கூட்டம், தமிழ் தன் கன்னத்தில் அறைகிற இடத்தில் மட்டும் அதைத் திருத்தப் பார்க்கிறது.

"வேணுமெண்டால் பாட்டை முழுக்க வெட்டுங்கோ. சொல்லை மாத்தாதேங்கோ" என்றாள் தோழி.

"சரி சரி, யோசிப்பம்" என்று சிரித்தார். பிரதி எடுக்கவேண்டும் என்று நாடாவைத் தானே வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் கொடுத்தோம். குழுவின் நாடா, கொடுக்காமல் என்ன செய்வது.

விழா அன்று காலை சேர்த்து வைத்திருந்த நாலைந்து வோக்மன்களுக்கும் பற்றரி போட்டு, ஆட்களை ஒவ்வொருவராக வாசலில் இருந்து அனுப்பினோம். சனம் ஆசையோடு வந்தது. படியில் மிருதங்கத்துக்கு ஏற்றபடி கால் வைத்து ஏறிய பெண்களைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது. ஆனால் மூன்றாவது யன்னலுக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் திரும்பி எட்டத்தில் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் திரும்பி வந்து என்னிடம் கேட்டார்.

"ரீச்சர், உந்தப் பாட்டிலை வாற மனுசன் கக்கூசடியிலையோ நிண்டவர்?"

நான் வோக்மனைப் பறிக்காத குறையாக வாங்கிக் காதில் மாட்டினேன். அடாணா எழுந்தது. அதற்கு நடுவில் ஒரு ஆண்குரல், 'அங்கே' என்றது. நாடாப் பிரதி எடுக்கும் றெக்கோடிங் பார்க் கடையில் வைத்துச் சொருகியிருக்கிறார்கள். யாருடைய குரல் என்று உடனே தெரிந்தது. கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர். யன்னலடியில் நின்று 'அங்கே' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பினால் கண்ணுக்குப் படுவது பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் ஒன்றுதான். ஒரு மனிதரைப் பிள்ளைப் பருவத்தில் வெளியே நிறுத்தினார்கள். செத்த பிறகு அந்த இடத்தையும் பிடுங்கிக் கக்கூசடிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த அப்புக்காத்தரை அந்த இடத்திலேயே செருப்பால் அடித்திருப்பேன்.

தோழி என் கையில் இருந்து வோக்மனை வாங்கினாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் முறைப்படி வாசலில் இருந்தே தொடங்கி, தன் குரல் சொன்ன வழியெல்லாம் நடந்து, யன்னலுக்குக் கீழே போய் நின்றாள். பாட்டு முடிந்ததும் காதில் மாட்டியதைக் கழற்றினாள். அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தேங்கினார்கள். சத்தம் கேட்டுச் செயலாளர் வந்தார்.

"ரீச்சர், ஆக்கள் நிக்கினம். எதெண்டாலும் பிறகு கதைப்பம்."

"ஓம் ஐயா. ஒருக்கால் இஞ்சை வாங்கோ. நான் நிக்கிற இடத்திலை நில்லுங்கோ."

இத்தனை பேர் பார்க்க மறுக்க முடியாமல் வந்து நின்றார். அவள் விலகி, சுற்றிப் போய், மண்டபத்துக்குள் நுழைந்தாள். உள்ளே யன்னலடிக்கு வந்து அவரைக் குனிந்து பார்த்தாள். அவருக்கு நேரே மேலே பங்குனி வெயில். போனால் தோல்வி, நின்றால் வெட்கம். என்ன செய்வதென்று தெரியாமல் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அவள் பாடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். பாடவில்லை. வீட்டுக்கு வந்தவரை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"உங்கை வெயிலோ, ஐயா?"

"ஓம் ரீச்சர், சரியான வெயில்" என்றார் அவர், யோசிக்காமல்.

"அப்பு ஐஞ்சாம் வகுப்பு முடியுமட்டும் நிண்டவர்."