நீலமேகம் போட்ட புகை

கொசுவை எதிர்த்துப் படை நடத்தியவர் எவருக்கும் பழவேற்காட்டில் சிலை கிடையாது. நீலமேகத்துக்கு வைக்கிறோம் என்று போயிருந்தாலும், அவனே கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றிருப்பான்.

டச்சுக்காரரான ஒல்லாந்தர் கோட்டை கட்டி, துணிமூட்டைகளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். கோட்டைக்கும் கப்பலுக்கும் இடையே மூட்டைப் படகு ஓட்டியவன் நீலமேகம். அதனால் குப்பத்தார் மீன் பிடிக்கப் பிறந்தவர்கள் என்றும், தான் உலகம் பார்க்கப் பிறந்தவன் என்றும் அவனுக்கு ஓர் எண்ணம். கோட்டைத் தோட்டத்தில் ஒரு துரை வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிட, சுற்றிலும் சட்டிகளில் வேப்பிலை புகைந்ததைப் பார்த்த அன்று அந்த எண்ணம் முற்றிவிட்டது. குப்பத்தில் மாட்டுக்குப் போடுகிற அதே வேப்பம்புகைதான். ஆனால் துரைக்குப் போட்டால் அது வேறு புகை அல்லவா.

அவன் மகள் அங்காளம்மாளைப் பெண் பேச, அக்கரையிலிருந்து பவுனம்மாள் தன் மகனுக்காக வருவதாக இருந்தாள். "அந்தக் குப்பத்துல பொண்ணு எடுக்கலாம், உக்காந்து பேசத்தான் முடியாது. கொசு ஆளையே தூக்கினு பூடும்" என்று அவள் எப்போதோ சொன்னது நீலமேகத்துக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் அத்தனை பேருக்கு இடமில்லை. வாசலில்தான் பாய் விரிக்க வேண்டும்.

பொழுது சாயும் முன்பே சட்டிகளில் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டினான். காற்று செத்துவிட்டது. கொசுக்கள் புகையைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் முதுகில் உட்கார்ந்தன. புகை இன்னும் அடர வேண்டும் என்று நீலமேகம் வைக்கோல் கட்டைத் தண்ணீரில் முக்கி, வாசல் நடுவே குவித்துக் கொளுத்தினான்.

மனைவி இருசம்மாள் இருமிக்கொண்டே வெளியே வந்தாள். "இன்னாய்யா இது? ஏரியில கீறவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"கோட்டை மாதிரி கீதுன்னு நெனப்பாங்க. நீ போய் புடவைய மாத்து."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குப்பத்தில் சாவு விழுந்தால் ஈர வைக்கோலைக் கொளுத்துவார்கள். அந்த வெண்புகையைக் கண்டவன் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட வேண்டும். அன்று யாரும் தொழில் செய்யக் கூடாது. பிறந்ததிலிருந்து நீலமேகத்துக்குத் தெரிந்த வழக்கம். உலகம் பார்த்த மயக்கத்தில் அது மட்டும் மறந்துபோயிற்று.

வலையில் இறால் கொட்டுகிற மாலை அது. ஏரியிலிருந்த படகெல்லாம் கரை திரும்பிற்று. மார்பில் அடித்துக்கொண்டு முதலில் ஓடி வந்தவன் இருசம்மாளின் தம்பி தருமன்.

"அக்கா, மாமா பூட்டாரா?"

புகைக்குள்ளிருந்து மாமாவே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். தருமனுக்கு அழுகையை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

"அப்ப செத்தது யாரு மாமா?"

"கொசு" என்றான் நீலமேகம், பாதிக் குரலில்.

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வலையைத் தோளில் போட்டபடி நின்ற குப்பமே அவனைப் பார்த்தது. தருமன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னான்: "பவுனம்மா அத்த படகு பாதி ஏரி வந்து திரும்பிடுச்சு. எழவு ஊட்டுல பொண்ணு பேசக் கூடாதாம்."

விடிந்ததும் நீலமேகம் அக்கரைக்குத் தானே படகைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் தலை தெரிந்ததுமே பவுனம்மாள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். பெண்கள் கூடினார்கள். அழுகையினூடே அவள் கேட்டாள்:

"யாருப்பா பூட்டாங்க?"

ஏரி நெடுகத் துடுப்புப் போடும்போதே அவன் மனசுக்குள் ஒரு கிழட்டு அத்தையைச் சாகடித்து வைத்திருந்தான். பேரைச் சொன்னால் மானம் தப்பும். ஆனால் இழவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கல்யாணப் பேச்சு கிடையாது. அதற்குள் பவுனம்மாள் வேறு பெண் பார்த்துவிடுவாள். அத்தை நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனாள்.

"யாரும் சாவலைக்கா. நீங்க வர்றீங்கன்னு கொசுவுக்குப் பொக போட்டேன்." தரையைப் பார்த்தே சொன்னான். "ஈர வைக்கோலு."

பவுனம்மாள் கண்ணீரைத் துடைத்தாள். "நான் சொன்னதுக்காவா?"

அவன் காது சிவந்தது.

"சரி, எதிர்காத்துல வந்திருக்க. மோர் குடி. பேச்ச இங்கியே வெச்சிக்கலாம். அழுத அழுகைய இனிமே யாருக்குத் திருப்பித் தர்றது?"

கல்யாணம் நடந்தது. பந்தலில் பெண்ணைப் பெற்றவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். "மாமா, பொக போடலியா?" என்று யாராவது கேட்டபடியே இருந்தார்கள். நீலமேகத்தின் மூக்கில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அது குடித்து முடிக்கும்வரை அவன் கையைத் தூக்கவில்லை.