வசந்தி வீட்டு இட்லிக் கொப்பரை

போன வாரம் கண்டனூரில் ஒரு கல்யாணம். பழைய பெரிய வீடொன்றை ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கேதான். கைகழுவும் இடத்தில் ஒரு பித்தளை இட்லிக் கொப்பரையில் மண்ணை நிரப்பி ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். ஆளாளுக்கு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் தேங்காய்ப்பூ போட்ட புட்டு வாசம் அடித்தது. பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

முப்பது வருஷத்துக்கு முந்தி, தபாலாபீசில் வேலை கிடைத்த புதிது எனக்கு. யாருக்காவது உபகாரம் செய்யாவிட்டால் சோறு இறங்காத வயது. இலங்கையிலிருந்து படகேறி வந்த நான்கு குடும்பங்களைக் காரைக்குடியில், அரிசி மில்லை ஒட்டிய லைன் வீடுகளில் குடிவைத்தார்கள். நானும் ஆபீசுத் தோழிகள் இரண்டு பேரும் சுண்ணாம்பு அடித்தோம், கொடிக்கயிறு கட்டினோம், வீடு வீடாகப் பாத்திரம் கேட்டுப் போனோம். கண்டனூர் ஆச்சி ஒருவர் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கிய அறையைத் திறந்து, அடுப்படிக்கு வேண்டிய ஒரு முழு செட்டையே எடுத்து வைத்தார்.

"ஒரு குடும்பத்துக்குன்னு செட்டாக் குடுக்குறேன். பிரிச்சுப்புடாதீக" என்றார்.

நான் பிரித்தேன். நான்கு வீட்டுக்காரர்கள் பார்த்திருக்க ஒரே வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது? சீட்டு எழுதிக் குலுக்கினேன். ஒரு வீட்டுக்குச் சோற்றுப் பானை, ஒரு வீட்டுக்கு வாணலி, ஒரு வீட்டுக்குத் தோசைக்கல். யாரும் எடுக்காமல் மிஞ்சிய சீட்டு கடைசி வீட்டு வசந்திக்கு. அதில் இருந்தது இட்லிக் கொப்பரை.

வசந்தி சீட்டெடுக்கவே வரவில்லை. படகேறும் நேரத்தில் எதையோ எடுக்க வீட்டுக்குத் திரும்பி ஓடிய கணவர் கரைக்கு வந்து சேரவில்லை. இரண்டு வயதுப் பெண்ணோடு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தைக்கு ஊட்டுவாள், தான் சாப்பிட மாட்டாள். வாசலில் வைத்த சாப்பாடு வைத்தபடியே இருக்கும். இப்படியே போனால் இவள் பிழைக்க மாட்டாள் என்று பயந்தேன்.

அந்த நான்கு வீட்டுக்கும் காலையில் இடியப்பம், மாலையில் புட்டு என்பது எனக்குத் தெரியாது. இரண்டையும் அவிக்க அந்தக் கொப்பரையை விட்டால் வேறு வழியில்லை என்பதும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா, மன்னார்க்காரர், கொப்பரை கேட்டுப் போய்க் கதவைத் தட்டினார். ஒரு சாண் திறந்தது, கொப்பரை வெளியே வந்தது, கதவு மூடியது. அடுத்த வேளை இன்னொரு வீட்டுக்காரி. ஐந்தாறு நாள் இப்படித்தான். ஒருநாள் பாக்கியம் அக்கா குழைத்து எடுத்து வந்த மாவை வசந்தி எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி கூடிப் போச்சு. இஞ்ச தாங்கோ" என்று வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் கதவு சாத்தப்படவில்லை. அன்று அவளும் இரண்டு வாய் சாப்பிட்டாளாம்.

மற்ற மூன்று வீடும் ஒரே கொப்பரைக்கு அலைவதை மட்டும் பார்த்த நான், என் சீட்டுக் குலுக்கலை நினைத்து வெட்கி, ஊரெல்லாம் அலைந்து மூன்று கொப்பரை சேர்த்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் நின்றேன். பாக்கியம் அக்கா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"கொண்டு போங்கோ பிள்ளை. எங்களிட்டயும் ஒண்டு இருந்தால் அவளின்ர கதவை ஆர் தட்டுறது?"

மூன்றையும் திரும்பக் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு ஆபீஸ் விட்டால் நேரே அங்கேதான். நான்கு வீட்டு மாவும் வசந்தியின் அடுப்பில் வேகும். யார் வீட்டுப் புட்டு யார் தட்டில் என்று கணக்கே கிடையாது. அவள் கணவரைப் பற்றி மட்டும் கடைசிவரை ஒரு சேதியும் வரவில்லை. அந்தப் புட்டுச் சாயங்காலங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

பாக்கியம் அக்கா மன்னாருக்கே திரும்பிப் போய், அங்கேயே காலமானார். வசந்தியையும் மகளையும் அவளுடைய தம்பி கனடாவுக்கு அழைத்துக்கொண்டார். லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கார் ஷெட்.

கல்யாணத்திலிருந்து வந்ததும் வசந்திக்குப் போன் போட்டேன். மகளுக்கே கல்யாண வயது தாண்டிவிட்டது, மகள் இப்போது தனி வீட்டில் இருக்கிறாளாம். சௌகரியமெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லை அக்கா. இஞ்ச எல்லார் வீட்டிலயும் எல்லாம் இருக்கு. ஒருத்தரும் ஒண்டும் கேட்டு வாறேல்லை."

என் வீட்டிலும் எல்லாம்தான் இருக்கிறது.